தொண்டைக்குள் ஒரு கேமரா: வீடியோ லாரிங்கோஸ்கோப் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை

மயக்க மருந்தும் தசையைத் தளரவைக்கும் மருந்தும் நரம்பில் ஏறி ஒரு நிமிடம் ஆவதற்குள் நோயாளியின் மூச்சு நின்றுவிடுகிறது. அதன் பிறகு அவருக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவது தலைமாட்டில் நிற்கும் மருத்துவரின் கையில் இருக்கிறது. மருந்து கொடுக்கும் முன்பே சில நிமிடம் முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜனைக் கொடுத்து நுரையீரலை நிரப்பி வைப்பார்கள். அந்தக் கையிருப்பு ஆரோக்கியமான பெரியவருக்குச் சுமார் 8 நிமிடம் தாங்கும். உடல் பருமன் அதிகம் உள்ளவருக்கு 3 நிமிடத்தில் தீர்ந்துவிடலாம். நிமோனியாவோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஐசியூவுக்கு வந்தவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அந்த இடைவெளிக்குள் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் டியூபை வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் இன்டியூபேஷன். அதற்காகக் குரல்வளையைப் பார்க்க உதவும் கருவி லாரிங்கோஸ்கோப். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் வாய் ஒரு திசையில் போகிறது, மூச்சுக்குழாய் வேறு திசையில் போகிறது. இரண்டும் சேரும் இடத்தில் கிட்டத்தட்ட ஒரு செங்கோண வளைவு. வழியை நாக்கு அடைத்துக்கொண்டு கிடக்கும். குரல்வளை மூடி என்ற இலை போன்ற குருத்தெலும்பு வாசலை மறைத்துத் தொங்கும். போதாததற்கு, மூச்சுக்குழாய்க்கு நேர் பின்னாலேயே உணவுக்குழாய் இருக்கிறது. தவறிப்போன டியூப் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். அதை யாரும் கவனிக்காவிட்டால் இயந்திரம் வயிற்றுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும், மூளை சில நிமிடங்களில் சேதமாகத் தொடங்கும்.

ஆக, இந்த வேலையின் பழைய சிக்கல் ஒன்றுதான்: மூலைக்கு அப்பால் இருப்பதை எப்படிப் பார்ப்பது?

இதற்கு முதலில் நல்ல விடை கண்டவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர் 1854இல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறிய கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன் மேல் திருப்பி, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். வளைவுக்கு அப்பால் பார்க்க வேண்டுமா, ஒளியை வளைத்தால் போதும். உடம்பை வளைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பின் வந்தவர்கள் பிடித்த வழி நேரெதிரானது. 1895இல் பெர்லினில் ஆல்ஃபிரெட் கிர்ஸ்டைன் கண்ணாடி இல்லாமல் நேரடியாகவே குரல்வளையைப் பார்க்க ஒரு கருவி செய்தார். 1913இல் செவாலியர் ஜாக்சன் நுனியில் விளக்கு வைத்த கருவியைக் கொண்டு டியூபை உள்ளே செலுத்தும் முறையை விவரித்தார். 1941இல் ராபர்ட் மில்லரின் நேரான பிளேடு, அதாவது வாய்க்குள் விட்டு நாக்கை ஒதுக்கித் தூக்கும் தகடு, வந்தது. 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்கின்டாஷின் வளைந்த பிளேடு வந்தது. டான்சில் அறுவைக்காக வாயைத் திறந்து பிடிக்கும் கருவியைப் போட்டபோது குரல் நாண்கள் தற்செயலாகப் பளிச்சென்று கண்ணில் பட்டதிலிருந்துதான் அந்த வடிவம் அவருக்குத் தோன்றியது. 80 ஆண்டுகள் கடந்தும் அந்த பிளேடு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மருத்துவக் கருவிகளில் இத்தனை ஆயுள் உள்ளவை குறைவு.

மெக்கின்டாஷ் பிளேடு செய்வது ஒளியை வளைப்பதல்ல, வழியை நிமிர்த்துவது. நோயாளியின் தலைக்கு அடியில் தலையணை வைத்து, கழுத்தை முன்னே கொண்டுவந்து, முகத்தை மேலே நிமிர்த்துவார்கள், பூவை முகர்ந்து பார்ப்பவர் போல. பிளேடை வாயின் வலப்பக்கம் நுழைத்து நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் நுனியை வைத்து, கைப்பிடி நீளும் திசையிலேயே தூக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் மணிக்கட்டை மடக்கி நெம்புவார். பிளேடு மேல்பல்லில் உட்காரும், பல் உடையும். சரியாகத் தூக்கினால் வாய்க்கும் குரல்வளைக்கும் நடுவே ஒரு நேர்கோடு திறக்கும், ஆழத்தில் வெள்ளையாகத் தலைகீழ் ‘வி’ போல இரண்டு குரல் நாண்கள் தெரியும். அவற்றுக்கு நடுவில்தான் மூச்சுக்குழாயின் வாசல்.

அந்தக் கோடு திறக்காதவர்கள் இருக்கிறார்கள். வாய் சரியாகத் திறக்காதவர், தாடை சிறியவர், கழுத்து முறிவுக்காகப் பட்டை கட்டியிருப்பவர், கதிர்வீச்சு சிகிச்சையால் கழுத்து இறுகிப்போனவர். 1984இல் கோர்மாக், லெஹேன் என்ற இருவர் தெரியும் காட்சியை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் வாசல் முழுக்கத் தெரியும், நான்காம் படியில் குரல்வளை மூடிகூடத் தெரியாது. 1985இல் மல்லம்பட்டி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே கஷ்டத்தை முன்கூட்டிக் கணிக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார். இது இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது, ஆனால் கணிப்பு எவ்வளவு தேறுகிறது என்பது வேறு கதை. டென்மார்க்கில் 1,88,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கடினமாகிப்போன இன்டியூபேஷன்களில் 93 சதவீதம் யாரும் எதிர்பாராதவை. கஷ்டம் வரும்போதுதான் கஷ்டம் என்று தெரிகிறது. ‘சிக்கலான நோயாளி வந்தால் மட்டும் நல்ல கருவியை எடுத்துக்கொள்வோம்’ என்ற பழைய பழக்கத்தை இந்த ஒரு எண்ணே ஆட்டம் காணச் செய்கிறது.

கார்சியாவின் வழிக்கு மருத்துவம் மெதுவாகத்தான் திரும்பியது. 1967இல் பீட்டர் மர்ஃபி பித்தக்குழாயைப் பார்க்கும் வளையும் ஃபைபர் கருவியைக் கடன் வாங்கி, அதன் மேல் டியூபைக் கோத்து, மூக்கு வழியாக இன்டியூபேஷன் செய்தார். அது அருமையான வழி. விழித்திருக்கும் நோயாளிக்கே செய்யலாம் என்பதால் இன்றும் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் பழக நாளாகும், நேரம் பிடிக்கும், ஒரு சொட்டு ரத்தம் நுனியில் பட்டால் எல்லாம் சிவப்பாகிவிடும். அவசரத்துக்குக் கைகொடுப்பது சிரமம்.

2001இல் கனடாவைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஜான் பேசியின் கிளைட்ஸ்கோப் என்ற வீடியோ லாரிங்கோஸ்கோப் சந்தைக்கு வந்தது. யோசனை எளியது. பிளேடின் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு குட்டி கேமராவும் விளக்கும் வைத்து, காட்சியைத் திரைக்குக் கொண்டுவருவது. கண் இப்போது வாய்க்கு வெளியே இல்லை, வளைவைத் தாண்டி உள்ளே போய்விட்டது. நேர்கோடு வேண்டாம், கழுத்தை அதிகம் நிமிர்த்த வேண்டாம், முரட்டுத்தனமாகத் தூக்கவும் வேண்டாம். அப்புறம் கேமரா சில்லுகள் சிறுத்து மலிவாக ஆக, கைப்பிடியிலேயே திரை வைத்த மெக்ராத், கார்ல் ஸ்டோர்ஸின் சி-மேக், கிங் விஷன் என்று வரிசையாக வந்தன.

இவற்றை எல்லாம் ‘வீடியோ’ என்ற ஒரே பெயரில் கூட்டுவது சௌகரியம்தான், ஆனால் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு வகை, பழைய மெக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமராவைப் பதித்தது. வாய்க்குள் நேராகவும் பார்க்கலாம், திரையிலும் பார்க்கலாம். இன்னொரு வகை, சுமார் 60 பாகைக்கு மேல் சட்டென்று வளைந்த பிளேடு. அதில் திரையை விட்டால் வேறு வழியில்லை. மூன்றாவது, டியூபை உட்காரவைத்து வழிநடத்தும் பள்ளம் உள்ள வகை. ஏர்ட்ராக், பென்டாக்ஸ் போன்றவை. மூன்றுக்கும் கைப்பழக்கம் வேறு வேறு. ஒன்றில் தேர்ந்தவர் இன்னொன்றில் தடுமாறுவது சகஜம்.

அதிகம் வளைந்த பிளேடில்தான் இந்தத் துறையின் சுவையான முரண் இருக்கிறது. திரையில் குரல் நாண்கள் பாடப்புத்தகப் படம் மாதிரித் தெரியும். மருத்துவர் நிம்மதியாகி டியூபை உள்ளே விடுவார். டியூப் வராது. நாண்களின் ஓரத்தில் முட்டும், பின்னால் நழுவும், வாசலில் நின்று முன்சுவரில் குத்தும். ‘நல்லாத் தெரியுது, ஆனா போகமாட்டேங்குது’ என்பது இந்த பிளேடைப் பிடித்த ஏறக்குறைய எல்லோரும் ஒருநாள் சொல்லியிருக்கும் வாக்கியம். காரணம் வெறும் வடிவியல். பழைய முறையில் வழியை நிமிர்த்திவிட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த கோடே டியூப் போகும் பாதை. இப்போது பார்வை மட்டும் வளைவைத் தாண்டிவிட்டது, டியூப் இன்னும் அந்த வளைவைச் சுற்றித்தான் போக வேண்டும்.

அதனால்தான் உள்ளே ஒரு கம்பி, அதாவது ஸ்டைலெட், வைத்து டியூபை பிளேடின் வளைவுக்கே வளைத்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டிய ஒழுங்கும் ஒன்று உண்டு. பிளேடை நுழைக்கும்போது வாயைப் பார். நாண்களைத் தேடும்போது திரையைப் பார். டியூபை நுழைக்கும்போது மறுபடியும் வாயைப் பார். நுனி திரையில் தலைகாட்டிய பிறகுதான் திரைக்குத் திரும்பு. மூன்றாவது படியைத் தவறவிடுவதுதான் ஆபத்து. பளிச்சென்ற படத்திலிருந்து கண்ணை எடுக்க மனம் வராமல் கை டியூபைத் தள்ளும். கேமராவுக்குத் தெரியாத அந்தச் சில சென்டிமீட்டரில் கம்பி வைத்த டியூப் மெல்லிய அண்ணத்தையோ டான்சில் பக்கத்துத் திசுவையோ துளைத்துவிடும். இப்படிப்பட்ட காயங்கள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கின்றன. பழைய பிளேடு பல்லை உடைத்தது, புதியது அண்ணத்தைக் குத்துகிறது.

நுனி நாண்களைத் தாண்டியதும் டியூபை முழுசாகத் தள்ளக் கூடாது. வளைந்த நுனி மேல்நோக்கிப் போய் மூச்சுக்குழாயின் முன்சுவரில் இடிக்கும். உதவியாளர் கம்பியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க, டியூப் தளர்ந்து கீழ்நோக்கி வளைந்து தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும். இதைவிடப் புதியவர்களுக்கு நம்பக் கஷ்டமான பாடம் ஒன்று உண்டு: காட்சியை வேண்டுமென்றே கெடுத்துக்கொள்வது. பிளேடை மிக ஆழமாக, மிக அருகில் கொண்டுபோனால் நாண்கள் திரை முழுக்கத் தெரியும், ஆனால் கோணம் செங்குத்தாகி டியூபுக்கு இடமிருக்காது. பிளேடைச் சற்று வெளியே இழுத்து வாசலில் பாதி மட்டும் தெரியும்படி வைத்தால் டியூப் லேசாகப் போகும். முழுக்கத் தெரிய வேண்டும் என்று பல ஆண்டுகள் பழகிய கைக்கு இது உடனே வருவதில்லை.

இந்தப் பின்னணி தெரியாமல் ஆய்வு முடிவுகளைப் படித்தால் தலை சுற்றும். 2017இல் பிரான்சின் 7 ஐசியூக்களில் 371 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், முதல் முயற்சியிலேயே வெற்றி வீடியோ முறையில் 67.7 சதவீதம், பழைய முறையில் 70.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். குரல்வளை திரையில் நன்றாகவே தெரிந்தது, தோற்றது நுழைப்பதில். கருவிக்கு எதிரானவர்கள் இதைப் பல வருடம் மேற்கோள் காட்டினார்கள். அப்புறம் காற்று திசை மாறியது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வு 222 சோதனைகளையும் 26,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்து, தோல்விகள் குறைகின்றன என்று சொன்னது. 2023இல் அமெரிக்காவின் 17 அவசரப் பிரிவுகளிலும் ஐசியூக்களிலும் 1,417 பேரிடம் நடந்த சோதனையில் முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 85.1, பழைய முறையில் 70.8 சதவீதம் என்று தெளிவாகப் பிரிந்தது. பலன் உறுதியாகிவிட்டதால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே டியூப் போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2024இல் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 8,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளில் அதிகம் வளைந்த பிளேடைச் சோதித்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது 1.7 சதவீதம் பேருக்குத்தான். பழைய பிளேடில் அது 7.6.

பச்சிளம் குழந்தைகள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரியது. 2024இல் டப்ளினில் 214 சிசுக்களிடம் நடந்த சோதனையில் முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 74, பழைய முறையில் 45 சதவீதம். ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தையின் வாய்க்குள் இரண்டு விரல் நுழையாது, அதில் ஒளியும் பிளேடும் டியூபும் பார்வையும் ஒரே துளை வழியாகப் போட்டி போட வேண்டும். கண்ணை மட்டும் அந்தப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் முயற்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொரு முயற்சியும் தொண்டையை வீங்க வைக்கிறது, ரத்தம் கசிய வைக்கிறது, ஆக்சிஜன் இருப்பைத் தின்கிறது. மூன்றாம் முயற்சியில் இருப்பது முதல் முயற்சியில் பார்த்த தொண்டை அல்ல. பிரிட்டனின் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2015 வழிகாட்டலில் மூன்று முயற்சி, அதற்கு மேல் அனுபவம் மிக்கவர் வந்தால் இன்னும் ஒன்று, அவ்வளவுதான் என்று கோடு போட்டதும் இதனால்தான்.

ஆனால் ஒரு எண் மட்டும் அசையவே இல்லை. அமெரிக்கச் சோதனையில் முதல் முயற்சி வெற்றி 14 புள்ளி உயர்ந்தும், கடுமையான சிக்கல்கள் இரு தரப்பிலும் 21 சதவீதத்தை ஒட்டியே இருந்தன. கருவி விற்பவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிப் போவார்கள். இதற்கு விளக்கம் 29 நாடுகளில் 2,964 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான இன்டியூப் ஆய்வில் கிடைக்கிறது. கடும் நோயில் இருந்தவர்களில் 45.2 சதவீதம் பேருக்கு டியூப் போடும் நேரத்தை ஒட்டி ஏதாவது பெரிய சிக்கல் வந்தது. அதில் முதலிடம் ஆக்சிஜன் குறைவுக்கு அல்ல, ரத்த ஓட்டம் குலைந்ததற்கு: 42.6 சதவீதம். மயக்க மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. இயந்திரம் நெஞ்சுக்குள் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும்போது இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்தம் சரிகிறது. டியூப் கச்சிதமாக, முதல் முயற்சியிலேயே போன பிறகும் இது நடக்கும். கேமராவால் அதை ஒன்றும் செய்ய முடியாது. எந்த மருந்து, என்ன அளவு, அழுத்தத்தை உயர்த்தும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கிறதா என்பவைதான் அங்கே கணக்கு.

என் கணிப்பில் இந்தக் கருவி செய்த பெரிய மாற்றம் அந்த வெற்றிச் சதவீதம்கூட அல்ல. அறையில் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்த காட்சி எல்லோருக்கும் பொதுவானது. பழைய முறையில் டியூப் போடுபவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்ன பார்க்கிறார் என்று வேறு யாருக்கும் தெரியாது. கற்றுக்கொடுப்பவர் தோளுக்குப் பின்னாலிருந்து ‘என்ன தெரியுது?’ என்று கேட்பார். ‘தெரியுது சார்’ என்று பதில் வரும். என்ன தெரிகிறது என்பது கடைசிவரை தெரியாது. கழுத்தின் முன்பக்கம் குரல்வளையை அழுத்திப் பிடிக்கும் உதவியாளர், தன் அழுத்தம் காட்சியைச் சரி செய்கிறதா கெடுக்கிறதா என்று தெரியாமலே அழுத்திக்கொண்டிருப்பார். இப்போது அவர் திரையைப் பார்த்துக்கொண்டே விரலை அரை சென்டிமீட்டர் நகர்த்துகிறார், வாசல் நடுவுக்கு வருகிறது. டியூப் பின்னால் நழுவி உணவுக்குழாய்க்குள் போவதைச் செவிலியர் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது.

சொல்ல முடிகிறது என்றால், சொல்வதைக் கேட்கும் காதும் இருந்தால். 2005இல் இங்கிலாந்தில் சாதாரண சைனஸ் அறுவைக்குப் போன ஒரு பெண்ணுக்கு மயக்கம் கொடுத்த பிறகு முகமூடியாலும் காற்று போகவில்லை, டியூபும் போகவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் மறுபடி மறுபடி டியூபுக்கே முயன்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்து தயாராக வைத்தும் அந்தத் திசையில் யாரும் திரும்பவில்லை. அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானி அறையில் இப்படி ஒரே செயலில் மனம் ஒட்டிக்கொள்வதற்கு என்ன பயிற்சி தருவார்களோ அது அறுவை அரங்குக்கும் வேண்டும் என்று அவர் தொடங்கிய இயக்கம் பிரிட்டிஷ் மயக்கவியலின் பேச்சையே மாற்றியது. தெளிவான திரை இந்த மாயையைக் கூட்டவும் செய்யும். ‘இதோ தெரிகிறதே, இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று.

திரை பொய்யாகாத இடத்திலும் அதை மட்டும் நம்பக் கூடாத ஒன்று உண்டு. டியூப் எங்கே இருக்கிறது என்பதற்குக் கடைசிச் சாட்சி கார்பன் டை ஆக்சைடு. மூச்சுக்குழாய்க்குள் டியூப் இருந்தால் ஒவ்வொரு வெளிமூச்சிலும் அது வரும், மானிட்டரில் அலை ஏறி இறங்கும். உணவுக்குழாயில் இருந்தால் அலை வராது, அல்லது ஓரிரு மூச்சில் தேய்ந்து மறையும். அதனால் 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டல், குறைந்தது 7 மூச்சுக்கு அலை நிலைத்து வரவேண்டும் என்கிறது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் வேளையிலும், உயரம் குறைவாக இருந்தாலும், அலை வரும். ‘இதயம் நின்றுவிட்டது, அதனால் அலை இல்லை’ என்ற தவறான சமாதானம் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. நாண்களைத் தாண்டியதைத் திரையில் பார்த்தேன் என்பது அலைக்கு ஈடாகாது. பார்த்த பிறகு டியூப் வெளியே நழுவியும் இருக்கலாம்.

மற்ற குறைகள் அன்றாடத்தைச் சேர்ந்தவை. குளிர்ந்த லென்ஸ் வெதுவெதுப்பான வாய்க்குள் போனதும் பனிபடியும். அதனால் சில கருவிகளில் லென்ஸைச் சூடாக்கும் ஏற்பாடு இருக்கிறது. வாந்தியோ ரத்தமோ பொங்கினால் முதலில் கேமராதான் குருடாகும், உறிஞ்சு குழாயை முன்னே விட்டுக்கொண்டே போக வேண்டும். விபத்து நடந்த இடத்தில் உச்சிவெயிலில் திரை வெறும் கண்ணாடியாகத் தெரியும். பேட்டரி தீர்ந்திருக்கும். விலையும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடுகளின் குப்பையும் வேறு. கொரோனா காலத்தில், 2020இல், நோயாளியின் வாயிலிருந்து முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கருவி இல்லாத இடங்களிலும் அவசரமாக வாங்கப்பட்டது.

எல்லோருக்கும் எப்போதும் வீடியோ என்று ஆகிவிட்டால் நேரடியாகப் பார்க்கும் கை மறந்துவிடாதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு மெக்கின்டாஷ் வடிவ வீடியோ பிளேடை அன்றாடத்துக்கு வைத்துக்கொண்டு, அதிகம் வளைந்ததைப் பக்கத்தில் தயாராக வைப்பதே புத்திசாலித்தனமாகப் படுகிறது. முதலாவதில் கேமரா குருடானாலும் வாய்க்குள் நேராகப் பார்த்து வேலையை முடிக்கலாம். கற்றுக்கொடுக்கவும் அதுவே தோது. பயிற்சி மருத்துவருக்குத் தெரியாதபடி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஆசிரியர் நிற்கிறார். பயிற்சி மருத்துவர் பழைய பாணியில் வாய்க்குள் குனிந்து ‘தெரியுது சார்’ என்கிறார். ஆசிரியர் திரையைப் பார்த்தபடி, ‘நாக்கு வலப்பக்கம் வழியுது, நீங்க பார்க்கறது உணவுக்குழாய். பிளேடை வெளியே எடுங்க, முகமூடியை வைங்க, முதல்லேருந்து வருவோம்’ என்கிறார்.